முகமூடி கட்டச் சொன்ன பினாங்கு டாக்டர்

சென்னைத் துறைமுகத்தில் இருந்து ஒரு காலத்தில் பினாங்குக்குக் கப்பல் போகும். "ரஜுலா" என்று பெயர். 1973-ம் ஆண்டு வரை அது ஓடியது. ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தக் கப்பலைத் தெரியும்.

அந்தப் பினாங்கில் 1879-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி ஒரு நகை ஆசாரியின் வீட்டில் பிறந்தவர் வூ லியன் தே. சீன வமிசத்தைச் சேர்ந்தவர். படிப்பில் கெட்டிக்காரர். உபகாரச் சம்பளம் கிடைத்தது. சீமைக்குப் போய், கேம்பிரிட்ஜில் டாக்டருக்குப் படித்தார். ஊர் திரும்பியதும் அபினி தின்னும் பழக்கத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். பிறகு சீன அரசாங்கம் அழைக்கவே, ராணுவ மருத்துவக் கல்லூரியில் வேலைக்குப் போனார்.

1910-ம் ஆண்டு டிசம்பர். சீனாவின் வடகோடியில், மஞ்சூரியாவில், ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். காய்ச்சல் வரும், இருமல் வரும், ரத்தம் துப்புவார்கள். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். என்ன நோய் என்று கண்டுபிடிக்க வூ அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31. டிசம்பர் 24-ந் தேதி ஹார்பின் நகரில் போய் இறங்கினார். எங்கு பார்த்தாலும் பனி.

சத்திரம் நடத்திய ஒரு ஜப்பானியப் பெண் இறந்துபோனாள். பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது அங்கே பெரிய பாவம். வூ ரகசியமாக அறுத்துப் பார்த்தார். உள்ளே பிளேக் கிருமி இருந்தது!

பிளேக் என்றால் எலி, எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சி. அப்போது பெரும்பாலான டாக்டர்கள் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் ஹார்பினில் எலிகளை அறுத்துப் பார்த்தும் கிருமி அகப்படவில்லை. வூவுக்கு விஷயம் புரிந்தது. இந்தப் பிளேக் நுரையீரலில் இருக்கிறது. இருமும்போது தெறிக்கும் துளியில் ஏறி, எதிரே நிற்பவர் மூச்சில் புகுந்துவிடுகிறது. அப்படியானால், நோயாளியின் முகத்துக்கு நேரே குனிகிறவர் யார்? டாக்டரும் நர்சும்தானே! முதல் பலி அவர்கள்தான்.

வூ ஒரு வழி செய்தார். காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியை எடுத்து, நடுவில் பஞ்சை வைத்து, மூக்கையும் வாயையும் மூடித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடச் சொன்னார். சில காசுதான் செலவு. டாக்டர் முதல் பிணம் தூக்கும் ஆள் வரை எல்லோரும் கட்டவேண்டும் என்றார்.

பலர் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரரான டாக்டர் மெஸ்னி ஹார்பினுக்கு வந்தார். வூவைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். வேறோர் ஊரில் பிளேக்கோடு போராடியவர். ஒரு சீன வாலிபர் தமக்குப் பாடம் சொல்வதா என்று அவருக்குக் கோபம். வூவைக் கண்டபடி ஏசினார். மனம் நொந்த வூ, வேலையை விட்டு விலகுவதாகத் தந்தி கொடுத்தார். அரசாங்கம் வூவின் பக்கமே நின்றது.

மெஸ்னி விடவில்லை. தாமே சோதித்துப் பார்க்க ரஷ்ய ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளை அங்கி போட்டார், தொப்பி போட்டார், ரப்பர் கையுறையும் போட்டார். முகமூடி மட்டும் கட்டவில்லை. நோயாளிகளின் அருகில் குனிந்து நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். சில நாளில் அவருக்கும் இருமல் வந்தது. 1911 ஜனவரி 11-ந் தேதி அதே ஆஸ்பத்திரியில் இறந்தார். கெட்ட மனிதர் அல்ல. நோயைப் பார்த்து ஓடாமல் தேடி வந்தவர். கர்வம்தான் அவரைக் கொன்றது.

செய்தி பரவியது. ஊரே முகமூடி கட்டிக்கொண்டது. ஆனாலும் தொண்டு செய்தவர்களில் பலர் மாண்டார்கள். முக்டன் நகரில், ரயில் பயணிகளைச் சோதித்துவந்த டாக்டர் ஆர்தர் ஜாக்சனும் இறந்தார். அவருக்கு வயது 26.

2020-ம் ஆண்டு கொரோனா வந்தது நமக்கு நினைவிருக்கும். சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் ராயபுரம் மண்டலம்தான் அப்போது அதிகம் தத்தளித்தது. ஜூன் மாதத் தொடக்கத்திலேயே அங்கே 3,000 பேருக்கு மேல் நோய் கண்டிருந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்சுகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் மூச்சுமுட்ட முகத்தை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள். அந்த முகமூடி, வூவின் துணிக்கும் பஞ்சுக்கும் கொள்ளுப்பேரன்.

ஹார்பினில் வேலை இன்னும் பாக்கி இருந்தது. நோய் கண்டவரோடு பழகியவர்களை ரஷ்ய ரயில்வேயிடம் வாங்கிய சரக்குப் பெட்டிகளில் தனியே வைத்தார்கள். பூமி பனியில் கல்லாக உறைந்து, குழி வெட்ட முடியாமல் இரண்டாயிரத்துக்கு மேல் பிணங்கள் வெளியே கிடந்தன. எரிப்பது சீனர் வழக்கம் அல்ல. வூ சக்கரவர்த்தியின் அனுமதி பெற்று, ஜனவரி 31-ந் தேதி தீ வைத்தார். மார்ச் முதல் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதும் மாண்டவர்கள் சுமார் 60,000 பேர்.

ஏப்ரல் மாதம் முக்டனில் பல நாட்டு மருத்துவர்கள் கூடினார்கள். அந்த மாநாட்டுக்குத் தலைவர் வூ. 1937-ம் ஆண்டு சீனாவில் யுத்தம் மூளவே, மலாயா திரும்பினார். ஈப்போவில் சாதாரண டாக்டராக மருத்துவம் பார்த்தார். 1960 ஜனவரி 21-ந் தேதி, தம் 80-வது வயதில், பிறந்த ஊரான பினாங்கிலேயே காலமானார்.