எறும்புக்கும் இரங்கியவர்

சீனாவின் தியான்ஜின் நகரில் 1880ஆம் ஆண்டு ஒரு செல்வக் குடும்பத்தில் லீ ஷுதோங் பிறந்தார். சிறுவயதிலேயே அவர் தந்தையை இழந்தார். வாழ்க்கை நிலையற்றது என்பதை அந்த இழப்பு அவருக்கு மிக விரைவில் உணர்த்தியது.

ஓவியம், இசை, நாடகம், கையெழுத்துக்கலை ஆகியவற்றில் அவர் சிறந்து விளங்கினார். தோக்கியோவில் மேற்கத்திய ஓவியம் பயின்றார். தாயகம் திரும்பிய பின், ஹாங்சோ நகரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஓவியமும் இசையும் கற்பித்தார். அவர் எழுதிய பிரிவுப் பாடலைச் சீனர்கள் இன்றும் பாடுகின்றனர்.

1918இல் அவர் அனைத்தையும் துறந்து பௌத்தத் துறவியானார். அந்த முடிவு அவருடைய குடும்பத்தினருக்குப் பெரும் வேதனையைத் தந்தது. அதன்பின் அவர் ஹொங் யி அடிகளார் என்று அழைக்கப்பட்டார். ஒட்டுப் போட்ட ஆடையை உடுத்தினார். நண்பகலுக்குப் பிறகு உணவு உண்ண மறுத்தார்.

தோன்றியவை யாவும் ஒருநாள் மறையும் என்பது பௌத்த நெறி. ஆகவே, ஒவ்வொரு நாளையும் பிற உயிர்களுக்குத் தீங்கின்றிக் கழிக்கவேண்டும் என அடிகளார் கருதினார். தம் மாணவரான ஓவியர் ஃபெங் ஸிகாயின் வீட்டிற்குச் சென்றபோது, பிரம்பு நாற்காலியை மெல்ல அசைத்த பிறகே அவர் அமர்ந்தார். பிரம்புகளுக்கு இடையே இருக்கும் சிறு பூச்சிகள் நசுங்கிவிடக்கூடாது என்பதே காரணம்.

உயிர்களைக் காக்க வலியுறுத்தும் ஓவியங்களை ஃபெங் வரைந்தார். ஆசிரியரின் 50ஆம் வயதையொட்டி 50 ஓவியங்கள் நூலாக வெளிவந்தன. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அவருடைய வயதின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஓவியங்களை வரைந்து, நூறாம் வயது வரை தொடர்வதாக அவர் வாக்களித்தார்.

1942இல் சுவான்சோ நகரில் அடிகளார் நோயுற்றார். இறுதி நெருங்குவதை உணர்ந்தும் அவர் பதறவில்லை. நண்பர்களுக்கு விடைபெறும் கடிதங்களை எழுதினார். தாம் இறந்த நாளைப் பிறர் நிரப்புவதற்காக அவற்றில் இடம் விட்டிருந்தார். துயரமும் மகிழ்ச்சியும் கலந்த மனநிலையைக் குறிக்கும் நான்கு சீன எழுத்துகளே அவருடைய கடைசிக் கையெழுத்து.

உடன் இருந்த துறவியிடம் அவர் ஒரு பொறுப்பையும் ஒப்படைத்தார். தம் உடலை வைக்கும் பேழையின் நான்கு கால்களுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணங்களை வைக்கவேண்டும். தண்ணீர் வற்றாமல் நாள்தோறும் நிரப்பவேண்டும். இல்லையெனில் எறும்புகள் பேழைமீது ஏறிவிடும். உடலை எரிக்கும்போது அவையும் தீயில் மடியும். அக்டோபர் 13ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஆசிரியர் மறைந்தாலும் மாணவர் தம் வாக்கை மறக்கவில்லை. நோயும் நெருக்கடியும் சூழ்ந்த காலத்திலும் வரைந்து, 1973இல் ஆறாம் தொகுதியை ஃபெங் முடித்தார். ஓவியங்களின் எண்ணிக்கை 450 ஆனது. சிங்கப்பூரில் வாழ்ந்த கோங் ஹியாப் துறவியின் முயற்சியால் 1979இல் ஆறு தொகுதிகளும் வெளிவந்தன. அடிகளார் உயிரோடு இருந்திருந்தால், சீனர் வழக்கப்படி அவருக்கு அது நூறாம் வயது.