பயிருக்கு வைத்தியர் பட்லர்

குலைநோய் கண்ட நெல்வயலைப் பார்த்துக் கலங்கும் வலங்கைமான் உழவர் வீட்டுப் பிள்ளை நான். அது ஒரு பூஞ்சையின் வேலை என்று தாவரவியல் வகுப்பில் பயின்றபின், எட்வின் ஜான் பட்லரின் வாழ்வை நாடிப் படித்தேன்.

1874இல் அயர்லாந்தில் பிறந்த பட்லர், மருத்துவம் பயின்றவர். 1901இல் இந்தியா வந்து பயிர்களுக்கு வைத்தியரானார். பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கரும்பின் செவ்வழுகல், துவரையின் வாடல் முதலிய நோய்களை ஆராய்ந்தார். 1918இல் பயிர்நோய்ப் பூஞ்சைகள் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். மறு ஆண்டே தஞ்சைக் கழனிகளைக் குலைநோய் பெரிதும் வாட்டியது! 1920இல் இங்கிலாந்து சென்றார், 1943இல் மறைந்தார்.

பெனிசிலின் தந்து உயிர் காப்பதும் பூஞ்சையே. நெற்கதிரைப் பதராக்குவதும் பூஞ்சையே. நோயின் காரணம் அறிந்தாலன்றோ மருந்து தேட முடியும்? அவ்வழியை இந்நாட்டில் செப்பனிட்ட பட்லரை, இந்தியப் பூஞ்சையியலின் தந்தை எனப் போற்றுவது பொருத்தமே.