கணக்கின் வழிமுறைக்குப் பெயர் தந்த அறிஞர் அல்குவாரிஸ்மி

பண்டமாரானிலும் கிள்ளானிலும் துறைமுகப் பட்டணத்திலும் கடை நடத்தும் நம் வர்த்தகப் பெருமக்களின் பிள்ளைகளிற் பலர், இந்நாளில் கணினித் தொழிலை நாடிச் செல்கின்றனர். அவ்வேலைக்கான நேர்முகத் தேர்வில் தொடக்கக்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. வரிசையாகச் சில எண்களைக் கொடுத்து, இவற்றுள் மிகப் பெரியது எது என்று கணினி கண்டுபிடிப்பதற்கான வழியைப் படிப்படியாக எழுது என்பார்கள். அத்தகைய வழிமுறைக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் அல்காரிதம். அது ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயர் என்பதை நம்மிற் பலர் அறியோம். அப்பெருமகனாரின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் காண்போம்.

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி அவர்கள் கி.பி. 780-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர்கள். ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்ம் நாட்டின் பெயரே அவர்களுடைய பெயரோடு ஒட்டி நிற்கிறது. அவர்கள் வாழ்ந்து பணியாற்றிய நகரமோ பக்தாத். 762-இல் கலீபா மன்சூர் அமைத்த அந்நகரம், உலகின் சரக்குகளெல்லாம் வந்து குவியும் பெருஞ்சந்தையாக விளங்கிற்று. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீபா மஃமூன் கல்விமான்களைப் பெரிதும் ஆதரித்தார். கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளின் நூல்கள் அரபு மொழிக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பைத்துல் ஹிக்மா எனும் அறிவுக் கூடத்தில் அல்குவாரிஸ்மி இடம்பெற்றிருந்தார்கள்.

அக்காலத்து வணிகர் விரல் மடக்கிக் கணக்கிட்டனர். தொகைகளைச் சொற்களால் எழுதினர். சொத்துப் பங்கீட்டிலும் கூட்டு வியாபாரத்திலும் கணக்குப் பிசகினால் உறவும் நட்பும் முறியும். இக்குறையைத் தீர்க்க, 820-ஆம் ஆண்டையொட்டி அவர்கள் ஒரு நூல் இயற்றினார்கள். அதன் பெயரில் வரும் ஜப்ர் என்னும் சொல்லிலிருந்தே அல்ஜீப்ரா என்ற பெயர் பிறந்தது. அது மேதாவிகளுக்கு மட்டும் எழுதிய நூலன்று. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப் பிரிவினை, வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகிய அன்றாடக் காரியங்களுக்காகவே அதனை எழுதினார்கள். பராயிழ் சட்டப்படி பங்கு பிரிக்கும் கணக்குகள் அந்நூலின் பெரும் பகுதியாகும்.

அந்நூலில் வரும் ஒரு கணக்கைப் பாருங்கள். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு 21 திர்ஹம் சேர்த்தால், அவ்வெண்ணின் பத்து மடங்குக்குச் சமமாகும், அவ்வெண் யாது? வேறு வகையிற் சொன்னால், 10-ஐ இரு கூறாக்கி அவற்றைப் பெருக்கும்போது 21 வரவேண்டும். அவர்கள் காட்டிய வழி இது: பத்தில் பாதி 5. அதை அதனாலேயே பெருக்க 25. அதில் 21 போக 4. அதன் மூலம் 2. ஐந்தில் இரண்டு குறைய 3. இரண்டு கூட 7. விடை 3 அல்லது 7. இதனோடு அவர்கள் நிற்கவில்லை. 21 இருக்குமிடத்தில் 25-ஐ விடப் பெரிய தொகை இருப்பின் அக்கணக்கு நடவாது என்றும், சரியாக 25 இருப்பின் விடை பாதியான 5 மட்டுமே என்றும் விதி வகுத்தார்கள். இதன் பொருள் என்ன? பத்தை எப்படி இரு கூறாக்கினாலும் பெருக்கல் தொகை 25-க்கு மேற்போகாது. 20 முழக் கயிற்றால் நாற்கோணமாக வளைக்கக்கூடிய மிகப் பெரிய இடம், பக்கத்துக்கு 5 முழமுள்ள சதுரமேயாகும். மிகப் பெரியதைக் காண்பதென்றால், அதற்கு மேல் இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடிய வேண்டும்.

இந்தியாவின் கணித ஞானம் முன்னரே பக்தாத் வந்து சேர்ந்திருந்தது. பூஜ்யத்தோடு கூடிய பத்து எண் வடிவங்களைக் கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் செய்யும் முறையை விளக்கியும் அல்குவாரிஸ்மி ஒரு நூல் எழுதினார்கள். இம்முறை இந்தியருடையது என்பதை மறைக்காமல் சொன்னது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று. அந்நூலின் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை; 12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்த லத்தீன் வடிவமே எஞ்சியது. லத்தீனில் அவர்கள் பெயர் அல்கோரிஸ்மி என்று திரிந்து, முதலில் புதிய எண் கணக்குக்கும், பிற்காலத்தில் படிப்படியான எந்த வழிமுறைக்கும் பெயராயிற்று.

வான நூலில் கிரக அட்டவணைகளையும், பூகோளத்தில் 2,400-க்கும் மேற்பட்ட இடங்களின் நிலையைக் குறிக்கும் நூலையும் அவர்கள் தந்தார்கள். 850-ஆம் ஆண்டையொட்டி இவ்வுலக வாழ்வை நீத்தார்கள்.

இனி, நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். கடையின் தினசரி லாபம் ஒரு பேரேட்டில் இருக்கிறது. மிக அதிக லாபம் எது? முதல் நாள் தொகையை மனத்தில் வைத்துக்கொள், அடுத்ததைப் பார், அது பெரிதானால் பழையதை விட்டுப் புதியதை வை, கடைசி வரி வரை இப்படியே செல். நூறு வரிகளுக்கு 99 ஒப்பீடுகள் போதும். ஆனால், புதியவர் பலர் முதல் வரியை எடுக்காமல் பூஜ்யத்தை மனத்தில் வைத்துத் தொடங்கிவிடுகின்றனர். மூன்று நாளும் நஷ்டமாகி, 300, 120, 450 வெள்ளி என்று போயிருந்தால், அவ்வழி பூஜ்யம் என்று பதில் சொல்லும். பேரேட்டில் அப்படியொரு நாளே இல்லை! 120 வெள்ளி நஷ்டமான நாளே அம்மூன்றில் மேலானது. பேரேடு வெறுமையாக இருந்தால் என் செய்வது என்பதையும் முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

மற்றொரு கேள்வி: ஒரு சரக்கின் விலை ஐந்து நாட்களில் 8, 5, 9, 4, 7 வெள்ளி. ஒருமுறை வாங்கி, பின்னொரு நாள் விற்றால் மிக அதிக லாபம் எவ்வளவு? அவசரக்காரர் 9-இலிருந்து 4-ஐக் கழித்து 5 என்பார். நாலுக்கு வாங்குமுன்னரே ஒன்பது போய்விட்டதே! அதுவரை கண்ட மிகக் குறைந்த விலையை மனத்தில் வைத்து, ஒவ்வொரு நாளும் அன்றைய விலையிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தால் சரியான விடை 4 என்று வரும்.

கல்லாவில் அமர்ந்து பழகிய பிள்ளைக்கு இவை புதியவையல்ல. விடைகளை மனப்பாடம் செய்து சென்ற பட்டதாரி, கேள்வி சற்றே மாறியதும் திகைத்துத் தேர்வில் தோற்று வருகிறான். கடையிலும் அவனுக்கு நாட்டமில்லை. ஆதலால் பெற்றோர்களே! மகனாயினும் மகளாயினும், விடுமுறை நாட்களில் உங்கள் பேரேட்டைக் கொடுத்துப் பாருங்கள். அதிக விற்பனை எந்நாள், குறைந்த கொள்முதல் எப்போது என்று கேளுங்கள். விடையோடு, கண்ட வழியையும் பிறர் பின்பற்றும்படி வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். அல்குவாரிஸ்மி அவர்கள் செய்ததும் அதுவே. தமக்குத் தெரிந்த வழியைச் சாமானியரும் நடக்கும் பாதையாக்கித் தந்ததனால்தான், ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் சென்றும் அவர்கள் பெயர் நாளும் உச்சரிக்கப்படுகிறது.

முன்னோர் பெருமையைப் பேசுவதோடு நில்லாமல், அவர்தம் உழைப்பையும் நம் மக்கள் பின்பற்ற வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.