சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்



ஒரே அமர்வில் நூறு செயல்களில் கருத்தைச் செலுத்துவது சதாவதானம். அக்கலையில் புகழ்பெற்ற செய்குத்தம்பிப் பாவலர், அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்தார். சங்கரநாராயண அண்ணாவியிடம் தமிழ் கற்றார். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். வினாக்களுக்கு விடையளித்தல், வெண்பா முடித்தல், மணியோசையை எண்ணுதல் எனக் கவனத்தைச் சோதிக்கும் கலை அது. சீறாப்புராணத்திற்கு உரையும் கண்ட பாவலர் 1950இல் மறைந்தார்.

பல செயல்களை ஏற்கும்போது மூளையின் கவனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாறுகிறது என்பது இன்றைய மூளையியல். இடைவிடாப் பயிற்சியால் நரம்பணுக்களின் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. ஹிஃப்ழு மாணவர்களிடம் நாம் காண்பதும் இதுவே.

ஆயினும் எல்லா மூளையும் எழுத்தை ஒரே வகையில் ஏற்பதில்லை. டிஸ்லெக்சியா எனும் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு வாசிப்புத்தான் கடினம், அறிவில் குறைவில்லை. அதை அறியாமல் ஒரு பிள்ளையை மக்கு என்று நாமே மக்தபில் அதட்டியதுண்டு, இன்று வருந்துகிறோம்.

குன்னத்துப் பெற்றோர்களே! பாவலரைக் காட்டிப் பிள்ளையை ஏசாதீர்கள். பிரம்பை வைத்துவிட்டு, தக்க மருத்துவரிடமும் பயிற்சி பெற்ற ஆசிரியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.