வாடகை வீட்டில் தோட்டம் போட்ட ஓவியர்



போன பொதுக்குழுக் கூட்டத்தில் கேட்டை ஒட்டிய முன்தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்து, மரங்களை வெட்டலாமா கூடாதா என்பதிலேயே ஒரு மணி நேரம் ஓடிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குப் பிரான்ஸ் நாட்டு ஓவியர் குளோத் மோனே நினைவுக்கு வந்தார். அவர் வீட்டிலும் இதே சண்டைதான் நடந்தது.

மோனே 1840-இல் பாரிஸில் பிறந்து, லெ ஆவ்ர் துறைமுக நகரில் வளர்ந்தவர். பாதி வாழ்க்கை கடனிலேயே போயிற்று. 1879-இல் மனைவி கமில் 32 வயதில் இறந்தபோது இரண்டு சிறு பையன்கள். முன்பு இவருடைய ஓவியங்களை வாங்கி, பின்னர் நொடித்துப்போன ஒரு வணிகரின் மனைவி ஆலிஸ் தன் ஆறு பிள்ளைகளோடு அதே வீட்டில் இருந்தார். பையன்களையும் அவரே வளர்த்தார். ஆக மொத்தம் பத்துப் பேர். 1883-இல் இந்தப் பெரிய குடும்பத்தோடு ஜிவெர்னி என்ற கிராமத்தில் வாடகைக்குக் குடிபோனார். மோனேக்கு அப்போது வயது 42.

வாடகை வீட்டுக்கு யாராவது செலவு செய்து தோட்டம் போடுவார்களா? வங்கியில் உத்தியோகம் பார்த்த எனக்கு இது கணக்கில் இடிக்கத்தான் செய்கிறது. அவர் வந்த வருஷமே மண்வெட்டியை எடுத்துவிட்டார். ஆரம்பத்தில் காய்கறியும், மழை நாளில் உள்ளே உட்கார்ந்து வரையப் பூக்களும்.

வீடு தெற்குப் பார்த்தது. வாசலிலிருந்து சாலை வரை சரிவான நிலம், நாள் முழுக்க வெயில் விழக்கூடிய இடம். ஆனால் நடுப்பாதையின் இருபுறமும் ஊசியிலை மரங்கள் நின்று வெயிலை மறைத்தன. மோனே அவற்றை எடுக்க வேண்டும் என்றார். ஆலிஸ் கூடாது என்றார். நாளாவட்டத்தில் மரங்கள் போயின, வாசலருகே இருந்த இரண்டு யூ மரங்கள் மட்டும் தப்பின. பாதைக்கு மேலே இரும்பு வளைவுகள் வைத்து ரோஜாக்கொடி ஏற்றினார்.

நான் ரசிப்பது அவருடைய இலையுதிர்காலத் திட்டத்தை. அந்த நாட்டில் அக்டோபரில் பெரும்பாலான தோட்டங்கள் களையிழந்துவிடும். இவர் அந்த மாதங்களுக்கென்றே ஆஸ்டர், டேலியா, சூரியகாந்தி எல்லாம் வைத்தார். வீட்டுச் சுவரில் ஏறிய கொடியின் இலைகள் அந்தப் பருவத்தில் சிவந்துவிடும். பாதையோரத்தில் நஸ்டர்ஷியம் போட்டார். தரையோடு படரும் ஆரஞ்சு நிறப் பூச்செடி. அது இரண்டு பக்கமிருந்தும் ஊர்ந்து வந்து பாதையையே மூடிவிடும், நடக்க ஓர் ஒற்றையடித் தடம்தான் மிஞ்சும். நம்முடைய பராமரிப்புக் குழுவாக இருந்தால் மறுநாளே கத்தரித்திருப்போம்!

ஓவியங்கள் நல்ல விலைக்குப் போகத் தொடங்கியதும் 1890-இல் அந்த வீட்டை 22,000 பிராங்க் கொடுத்து வாங்கினார். 1892-இல் ஆலிஸை மணந்தார். அடுத்த வருஷம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, ஓடையைத் திருப்பி அல்லிக்குளம் அமைக்க அனுமதி கேட்டார். ஊரார் எதிர்த்தார்கள். வெளியிலிருந்து வரும் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் பயம். மோனே அதிகாரிகளுக்கு மனு எழுதி, கோபப்பட்டு, கடைசியில் அனுமதி வாங்கினார். உலகமே பார்க்கிற அல்லி ஓவியங்கள் அந்தக் குளத்தில் பிறந்தவை. ஊராரையும் நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் அவர்களுக்கும் வேண்டியதுதானே.

1911-இல் ஆலிஸும், 1914-இல் மூத்த மகனும் போனார்கள். கண்ணில் புரை விழுந்து நிறங்கள் மாறித் தெரிந்தன. 1923-இல் அறுவை செய்துகொண்டு மறுபடி வரைந்தார். 1926 டிசம்பரில், 86 வயதில், அதே வீட்டில் காலமானார்.

பிற்காலத்தில் தோட்டம் கவனிப்பாரின்றிப் புதர் மண்டிப்போயிற்று. பிறகு மீட்டெடுத்து 1980-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நஸ்டர்ஷியம் இப்போதும் வருஷாவருஷம் பாதையை மூடுகிறது. வெட்டாமல் விட்ட அந்த இரண்டு யூ மரங்களும் வாசலில் நிற்கின்றன.