திருநாவுக்கரசரும் செவிச்செல்வமும்

ஞானநெறிக்குரிய படிகள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்காம். இவற்றுள் கேட்டலை முன்வைத்தது யாது கருதி? சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பு. ஆதலின் செவி எதனைச் சார்கின்றதோ, அதற்கேற்பவே உயிர்க்கு உலகம் புலனாகும். இவ்வுண்மைக்குத் திருநாவுக்கரசு நாயனார் சரிதம் சான்றாதலைச் சேக்கிழார் சுவாமிகள் அருளிய வழிநின்று ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்திற்குக் கிழக்கே திருப்பாதிரிப்புலியூரும், மேற்கே திருவதிகையும் உள்ளன. நாயனார் வாழ்வு திரும்பியது இவ்விரு தலங்கட்கு இடையிலேயாம்.

7-ஆம் நூற்றாண்டில் திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் திருமகனாராய்த் தோன்றிய மருணீக்கியார், இளமையிற் பெற்றோரை இழந்து, நிலையாமை உணர்ந்து நன்னெறி தேடுவாராயினர். பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரிற் சமணப்பள்ளி புக்கு, அந்நூல்களைத் துறைபோகக் கற்றுத் தருமசேனர் எனப் பெயர் பெற்றனர். செவி நிரம்பிற்று, உள்ளம் நிரம்பவில்லை. சூலைநோய் பற்றியபோது அக்கேள்வி துணையாகவில்லை. பிறர் அறியாது இரவில் நடந்து, திருவதிகையில் தமக்கையார் திலகவதியார் திருவடியில் வீழ்ந்தனர்.

அம்மையார் வாதம் புரிந்திலர். ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தனர். செவியேற்ற அவ்வெழுத்தே நாவிற் கொல்லிப் பண்ணாய் எழுந்தது, சூலை நீங்கிற்று.

பின்னர்ப் பல்லவ வேந்தன் ஏவலால் நாயனார் ஏழு நாள் நீற்றறையில் இடப்பட்டனர். ஆண்டு இறைவன் திருவடி நிழலுக்கு அவர் கூறிய உவமைகளுள் முதலாவது வீணையின் ஒலி. இறுதியாவது வண்டு முரலும் பொய்கை. இடையே திங்களும் தென்றலும் இளவேனிலும் வரினும், ஒலியில் தொடங்கி ஒலியில் முடிதல் நோக்கத்தக்கது. நீற்றறையின் வெம்மை பொய்யோ எனின், அன்று. உலகு உள்பொருள் என்பதே நம் சித்தாந்தம். மாறியது நீற்றறை அன்று, நுகரும் உயிரின் சார்பே என்க.

கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்டபோதும் ஐந்தெழுத்தையே பாடி அவர் கரையேறிய இடம், முன்பு சமண நூல் கேட்ட அதே திருப்பாதிரிப்புலியூராம். அங்கிருந்து திருமாணிகுழி முதலிய தலங்களை வணங்கி மீளவும் திருவதிகை அடைந்தனர். முன்பு நோயோடும் மறைந்து நடந்த நாட்டில், பின்பு பாடலோடும் வெளிப்பட நடந்தனர். நிலம் ஒன்றே, நடந்தவர் செவி வேறு.

முதுமையிற் கயிலைக்கு நடந்து உடல் தேய்ந்த நாளில், விண்ணெழுந்த இறைவன் வாக்குக் கேட்டுப் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தனர். எதிரே வந்தவை பிடியும் களிறும் முதலியனவே. அவற்றையே சத்தியும் சிவமுமாகக் கண்டனர். கேட்டல் முந்திற்று, காட்சி பிந்திற்று.

ஆதலின், திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் ஓதுவார் பண்ணோடு ஓதுங்காலை, அதனைப் பூசைக்கு அணியென மட்டும் கொண்டு நாம் பராமுகமாய் இருத்தல் தகாது. சாத்திரம் பயின்றார்க்கும் ஞானத்தின் முதற்படி அதுவே. அப்படியைக் கடந்து மேலேறுவார் யாவர்?