பீத்தோவனும் அவருடைய பால்ய சிநேகிதரும்



பீத்தோவன் என்னும் சங்கீத மேதையின் பெயரை நம் பாடற்குழுப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். காது அடைத்துப்போன பிறகும் இசை இயற்றியவர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் இளம் வயதில் அவர் ஒரு வீட்டின் படியேறினார் என்பதும், அந்த வீட்டாரின் சிநேகம் மரணப்படுக்கை வரைக்கும் அவரோடு வந்தது என்பதும் அவ்வளவாய்ச் சொல்லப்படுவதில்லை. அதையே இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் புகுந்தேன்.

ஜெர்மனி தேசத்தில், ரைன் நதிக்கரையிலுள்ள போன் பட்டணத்தில், அர்ச். ரெமிஜியார் கோவிலிலே 1770 டிசம்பர் 17-ந் தேதி அவர் ஞானஸ்நானம் பெற்றார். தகப்பனார் அரண்மனைக் கோவிலில் பாடகர், குடிக்கு அடிமையானவர். பிள்ளையை அடித்துப் பியானோவின் முன் உட்காரவைத்த மனிதர். 1784-ல், பதிமூன்று வயதுப் பிள்ளை, வருஷம் 150 புளோரின் சம்பளத்தில் அரண்மனைக் கோவிலின் இரண்டாம் ஆர்கன்காரனானான். 1787-ல் தாயார் க்ஷயரோகத்தால் இறந்தார். பதினெட்டு வயதில், தகப்பன் சம்பளத்தில் பாதியைத் தன் கையில் தரும்படி விண்ணப்பம் எழுதி, தம்பிமார் இருவரையும் காப்பாற்றும் பொறுப்பை ஏற்றான். தகப்பன் உயிரோடிருக்க, பிள்ளை குடும்பத்தலைவனாவது எப்பேர்ப்பட்ட கசப்பு என்பது நம் ஊரிலும் சில வீடுகளுக்குத் தெரியும்.

அக்காலத்தில் வேகெலர் என்னும் மருத்துவ மாணவன் அவனைப் பிராய்னிங் குடும்பத்தில் அறிமுகம் செய்துவைத்தான். அந்த வீட்டு அம்மாள் விதவை. 1777-ல் அரண்மனை தீப்பற்றியபோது புருஷனை இழந்தவர். பிள்ளைகள் நால்வர். மகள் எலியொனோருக்கும் கடைக்குட்டிக்கும் பியானோ சொல்லிக்கொடுக்க வந்தவன், விரைவில் அந்த வீட்டிலேயே உண்டு உறங்கும் பிள்ளையானான். முரண்டுபிடித்து மற்ற வீடுகளுக்குப் பாடம் சொல்லப் போகாத நாட்களில் அந்த அம்மாள்தான் அதட்டி அனுப்பப் பார்ப்பார். மகன் ஸ்டெபான் அவனுக்கு நாலு வயது இளையவன். இருவரும் ஒரே ஆசிரியரிடம் வயலின் படித்தார்கள். தன் வீட்டில் கிடைக்காத அமைதியை அவன் அங்கே கண்டான்.

1792-ல் பீத்தோவன் வியன்னா நகரம் போனார். பிறகு போன் பட்டணத்தைப் பார்க்கவேயில்லை. வியன்னாவில் பேரும் பணமும் வந்தன. இருபத்தெட்டு வயதையொட்டிக் காதில் இரைச்சலும் வந்தது.

அதை அவர் யாரிடம் சொன்னார் தெரியுமா? பிரபுக்களிடமோ சங்கீதக்காரரிடமோ அல்ல. 1801 ஜூன் 29-ந் தேதி, பழைய சிநேகிதன் வேகெலருக்குக் கடிதம் எழுதி மனந்திறந்தார். இரவும் பகலும் காது இரைகிறதென்றும், நாடகசாலையில் வாத்தியக்காரர் அருகே போய்ச் சாய்ந்தால்தான் கேட்கிறதென்றும், செவிடு என்று சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வருஷமாய் ஜனங்களோடு சேர்வதை விட்டேன் என்றும் தெரிவித்து, இரகசியமாய் வைத்திருக்கக் கேட்டுக்கொண்டார். கண் தெரியாதவனுக்கு வழிவிடுகிற உலகம், காது கேளாதவனைக் கண்டால் சிரிக்கிறது. அல்லது பேச்சையே நிறுத்திவிடுகிறது. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டனாரிடம் நாம் கடைசியாக எப்போது முழுதாய் ஒரு சங்கதி பேசினோம்?

1802 அக்டோபரில், ஹைலிகென்ஷ்டாட் என்ற கிராமத்தில் தங்கியிருந்தபோது, தம்பிமாருக்கு ஒரு நீண்ட பத்திரம் எழுதினார். பக்கத்தில் நின்றவன் தூரத்துப் புல்லாங்குழலைக் கேட்க, தமக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்ற வேதனையையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் போனதையும், தம் கலையே தடுத்ததையும் அதில் எழுதினார். அதை அனுப்பவில்லை. மரணத்துக்குப் பின் அவருடைய காகிதங்களுக்குள் கிடைத்தது.

சிநேகம் எப்போதும் சுமுகமாய் இருந்ததென்று எண்ணவேண்டாம். ஸ்டெபானும் வியன்னாவுக்கு வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்தார். 1804-ல் இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கையில், வாடகை விஷயமாய்ச் சண்டை மூண்டு பிரிந்தார்கள். பல மாதம் கழித்து வழியில் சந்தித்தபோது ராசியானார்கள். பீத்தோவன் மன்னிப்புக் கேட்டுத் தம் சிறு உருவப்படத்தையும் அனுப்பினார். 1806-ல் இயற்றிய வயலின் கான்சர்ட்டோவை ஸ்டெபானுக்கே காணிக்கையாக்கினார். பின்னும் ஒரு பிணக்கு வந்து பல வருஷம் நீடித்தது. பீத்தோவன் கோபக்காரர், சந்தேகப் பிராணி. அதை மறைப்பானேன்?

1818 முதல் அவரைக் காணவந்தவர்கள் கேட்கவேண்டியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்கள். அந்த மௌனத்தில்தான் பெரிய பூசைச் சங்கீதம் பிறந்தது. அவரிடம் பாடம் படித்த ருடோல்ப் இளவரசர் ஒல்மூட்ஸ் அதிமேற்றிராணியாராகப் பட்டம் பெறவிருந்தார். அந்தத் திருநாளுக்கென்று 1819-ல் தொடங்கினார். 1820 மார்ச்சில் திருநாள் முடிந்துபோயிற்று; பூசைச் சங்கீதமோ 1823-ல்தான் முடிந்தது! அவர் ஞாயிறு தவறாமல் பூசை கண்டவரல்ல. ஆயினும் விசுவாசப் பிரமாணத்தின் இலத்தீன் வார்த்தை ஒவ்வொன்றின் பொருளையும் அழுத்தத்தையும் விசாரித்தறிந்தே எழுதினார்.

கேளாத காதோடு எப்படி எழுதினார் என்று கேட்பீர்கள். தபசுகாலத்தில் ஒருசந்தியாயிருக்கும் தாய் உப்பு ருசி பாராமலே குழம்பு வைக்கிறாளே, அப்படித்தான். குழந்தைப் பருவமுதல் பழகிய சுரங்கள் காகிதத்தைக் கண்டதும் மனதுக்குள் ஒலித்தன. 1824 மே 7-ந் தேதி அந்தப் பூசையின் மூன்று பகுதிகளும் ஒன்பதாம் சிம்பொனியும் வியன்னாவில் பாடப்பட்டன. ஜனங்கள் கைகொட்டியது அவருக்குத் தெரியவில்லை. ஒரு பாடகி அவரைச் சபையின் பக்கம் திருப்பிவிட்ட பிறகே கண்டார்.

1825-ல் ஸ்டெபானோடு மீண்டும் சமாதானமாகி, அவர் வீட்டருகே குடிவந்தார். ஸ்டெபானின் மகன் கெர்ஹார்டுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சதா ஒட்டிக்கொண்டிருந்ததால் கால்சட்டைப் பொத்தான் என்று அவனுக்குச் செல்லப்பெயர் வைத்தார். ஒரு நாள் அவர் எழுதிக்கொண்டிருக்கையில், நிஜமாகவே கேட்கவில்லையா என்று பார்க்க, அந்தப் பையன் பியானோவை முதலில் மெல்லவும் பிறகு பலமாகவும் தட்டினான். அவர் தலை நிமிரவில்லை.

1826 டிசம்பரில் அவர் நோயில் விழுந்தார். லண்டனிலிருந்து ஹாண்டலின் இசைநூல்கள் வெகுமதியாய் வந்தபோது, ஒவ்வொரு புத்தகமாய்ப் படுக்கைக்கு எடுத்துக்கொடுத்தவன் கெர்ஹார்ட்தான். அவர் பக்கம்பக்கமாய்ப் புரட்டிக் கண்ணால் கேட்டார். 1827 மார்ச் 24-ந் தேதி குருவானவரிடம் கடைசித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றார். 26-ந் தேதி மாலை, இடியும் மின்னலுமாயிருந்த வேளையில் உயிர் பிரிந்தது. ஸ்டெபான் அப்போது கல்லறைக்கு இடம் பார்க்கப் போயிருந்தார்.

ஸ்டெபானும் அதே வருஷம் ஜூன் 4-ந் தேதி இறந்தார். கெர்ஹார்ட் படித்து வைத்தியரானார். 1863-ல் பீத்தோவனுடைய கல்லறையைத் திறந்து எலும்புகளைப் புதிய பெட்டியில் அடக்கம்பண்ணியபோது அவரும் அங்கே நின்றார். அடக்கம்வரை தலையோட்டைத் தம் வீட்டில் வைத்துக் காத்தார். 1874-ல், அறுபது வயது கடந்தபின், தாம் சிறுவனாய்க் கண்டதையெல்லாம் ஒரு புத்தகமாய் எழுதி வெளியிட்டார்.